வாடைக்கும் கச்சானுக்கும் நடுவே ஒரு மருத்துவக் கல்விக்கூடம்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் பிறந்ததும் வளிமண்டலவியல் திணைக்களம் ஓர் அறிவித்தல் விடும். இன்ன திகதியில், இன்ன நேரத்தில், இன்ன ஊர்களுக்கு மேலே சூரியன் உச்சம் கொடுக்கும் என்பது அதன் செய்தி. தெற்கில் தொடங்கும் அந்த உச்சம் நாளுக்கு நாள் வடக்கே நகர்ந்து, சித்திரைப் புத்தாண்டுக்கு ஓரிரு நாள் முன்னர் திருகோணமலையைக் கடக்கும். அன்று நண்பகலில் நிலாவெளிக் கடற்கரையில் ஒரு கம்பை நேராக நட்டால் அதற்கு நிழல் விழாது. "வெயில் கூடப்போகுது, தண்ணி நிறையக் குடியுங்கோ" என்று வீட்டில் சொல்லிவிட்டு அந்தச் செய்தியை நாம் மறந்துவிடுகிறோம். அந்த ஊரில் கட்டடம் வரையப்போகிறவர் மட்டும் அதை மறக்கக் கூடாது.

திருகோணமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ எட்டரைப் பாகையில் இருக்கிறது. ஏப்ரல் 12 அளவில் தலைக்கு மேலே வரும் சூரியன் அங்கே நின்றுவிடுவதில்லை. இன்னும் வடக்கே போகிறது. யூன் 21 நண்பகலில் உச்சியிலிருந்து 15 பாகை வடக்கே சாய்ந்திருக்கும். திரும்பி வந்து மறுபடி உச்சம் கொடுக்கும்போது ஓகஸ்ட் 30 ஆகிவிடும். ஆக, ஆண்டில் நாலரை மாதம், அதுவும் கடும் கோடை மாதங்களில், வெயில் வடக்குச் சுவர்ப் பக்கம் நிற்கிறது. குளிர்நாட்டுப் பாடநூல்கள் வடக்கு ஜன்னலை வெயிலே படாத ஜன்னல் என்று சொல்லும். அதை அப்படியே நம்பி இங்கே வடக்கில் மறைப்பில்லாமல் கண்ணாடி பதித்தால், யூன் மாதத்துக் காலை வெயிலும் மாலை வெயிலும் சாய்வாக உள்ளே வந்து மேசைகளில் விழும். டிசெம்பர் 22 இல் அதே சூரியன் நண்பகலில் 32 பாகை தெற்கே இறங்கி நிற்கும்.

இந்தப் பாகைக் கணக்கிலிருந்து ஒரு நல்ல செய்தி கிடைக்கிறது. கூரையின் சாய்ப்பை ஒரு மீற்றர் நீட்டினால், யூன் நண்பகலில் வடக்குச் சுவரில் 3.7 மீற்றர் வரை நிழல் இறங்கும். டிசெம்பர் நண்பகலில் தெற்குச் சுவரில் 1.6 மீற்றர் இறங்கும். வடக்கையும் தெற்கையும் சாய்ப்பினாலேயே காத்துவிடலாம். கிழக்கையும் மேற்கையும் எந்தச் சாய்ப்பாலும் காக்க முடியாது. அங்கே சூரியன் தாழ்ந்து வந்து சுவரை நேருக்கு நேர் பார்க்கிறது.

மேற்குச் சுவர் என்றால் என்ன என்பதை நான் ஒரு கல்விக் கட்டடத்தில் கையால் அறிந்தேன். யூலை மாதம், மாலை நாலு மணி. விரிவுரை முடிந்து மாணவர்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். நாலு அங்குலச் சீமெந்துக் கல்லில் கட்டிய சுவர். உட்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தேன். அடுப்பருகே இருந்த குடத்தைத் தொட்டதுபோல இருந்தது. பத்து எண்ணுவதற்குள் கையை எடுக்க வேண்டியதாயிற்று. அந்தச் சுவரோரம் இருந்த வாங்குகள் மட்டும் வெறுமையாகக் கிடந்தன. பிள்ளைகள் எதிர்ப்பக்கம் நெருக்கியடித்து இருந்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் தப்பு என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை; உடம்பு சொல்லியிருக்கிறது.

நோய் எப்படி வருகிறது, உடல் எப்படித் தேறுகிறது என்று கற்பிக்கும் கூடம் தன் மாணவரையே வாட்டக் கூடாது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் இடம் கோணேசபுரி. திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியில் வடக்கே போனால் கடலை ஒட்டி வரும் ஊர். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் அங்கே இருக்கிறது. 1993 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 2001 இல் வளாகமாக உயர்ந்த நிறுவனம் அது. 2008 இல் அங்கே சித்த மருத்துவ அலகு வந்தது. பின்னர் அது பீடமாயிற்று. இலங்கையில் சித்த மருத்துவத்தைப் பட்டப்படிப்பாகப் படிக்க இரண்டே இடங்கள் உண்டு: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், இந்த வளாகம். இதே பல்கலைக்கழகத்தின் நவீன மருத்துவ பீடம் மட்டக்களப்பில் இருக்கிறது.

சித்த மருத்துவம் படிப்பிக்கும் கட்டடம் ஒரே கட்டடமாகத் தெரிந்தாலும் உள்ளே அது ஏழெட்டுக் கட்டடம். விரிவுரை மண்டபத்தில் நூறு பேர் மூச்சுவிடுகிறார்கள். உடற்கூற்றியல் கூடத்தில் போமலின் ஆவி எழுகிறது. மூலிகைக் களஞ்சியத்தில் ஈரம் ஏறக் கூடாது. மருந்து செய்யும் இடத்தில் புடம் போட, அதாவது மருந்தைச் சாண வறட்டித் தீயில் சுட வேண்டும்; புகை வரும். தொக்கணம் என்னும் உடல் தேய்ப்பும் வர்ம சிகிச்சையும் செய்யும் அறையில் எண்ணெய் பூசிய உடம்போடு ஒரு முதியவர் படுத்திருக்கிறார். அவர்மேல் நேரே காற்று அடிக்கக் கூடாது. ஒவ்வோர் அறையும் வேறொரு காற்றைக் கேட்கிறது. சித்த மருத்துவத்தில் முக்குற்றங்களுள் முதலாவது வளி. கட்டடத்திலும் நான் வளியிலிருந்தே தொடங்குவேன்.

*

திருகோணமலைக் கடற்றொழிலாளரிடம் கேட்டால் காற்றுக்கு ஒரு நாட்காட்டியே சொல்வார்கள். ஒக்டோபருக்குப் பின்னர் வடகிழக்கிலிருந்து வாடை வரும், மழையோடு வரும். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மே மாதம் தொட்டு செப்ரெம்பர் வரை தென்மேற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் கச்சான் வீசும். கச்சான் என்றால் நமக்கு நிலக்கடலையும் ஞாபகம் வரும். இங்கே நான் சொல்வது காற்றை. உலர்ந்து சுடும் இந்தக் காற்று எங்கிருந்து இவ்வளவு சூட்டைக் கொண்டுவருகிறது? தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, ஈரத்தையெல்லாம் அங்கே மழையாகக் கொட்டிவிடுகிறது. உலர்ந்த காற்று கிழக்குச் சரிவில் இறங்கும்போது அமுங்குகிறது. அமுங்கும் காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுவது இதனால்தான். ஒரு கிலோமீற்றர் இறங்கினால் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் கூடும். நுவரெலியாவில் மழைக்கோட்டுப் போடும் நாளில் திருகோணமலையில் வாய் உலர்வது ஒரே காற்றின் இரண்டு முகம்.

மூன்றாவதாகக் கடற்காற்று. பகலில் தரை சூடேறியதும் கடல் பக்கமிருந்து வரும். நிலாவெளிக் கரை சற்றே வடமேற்காகச் சாய்ந்து ஓடுவதால், கடற்காற்றும் அங்கே பெரும்பாலும் வடகிழக்கையொட்டியே வருகிறது.

இந்த மூன்றையும் ஒரு தாளில் அம்புக்குறியாகப் போட்டு, அதன்மேல் சூரியனின் பாதையையும் வரைந்து பாருங்கள். சூரியன் சொல்வது: நீண்ட சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கட்டும்; கிழக்கு மேற்கில் குறுகிய சுவர் மட்டும் இருக்கட்டும். காற்று வருவது வடகிழக்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும். அதாவது, சூரியனுக்காக வைத்த அதே வடக்குச் சுவரிலும் தெற்குச் சுவரிலும் காற்று 45 பாகைச் சாய்வில் வந்து மோதுகிறது. சுவருக்குச் செங்குத்தாக வரும் காற்றுத்தான் உள்ளே நுழையும் என்று பலர் நினைக்கிறார்கள். 45 பாகைச் சாய்வுவரை காற்றோட்டம் பெரிதாகக் குறைவதில்லை. ஜன்னலின் ஓர் ஓரத்தில் சுவரிலிருந்து ஒரு சிறகுச் சுவரை வெளியே நீட்டினால், சாய்வாக வரும் காற்றை அது தடுத்து உள்ளே திருப்பிவிடும். பல ஊர்களில் வெயிலுக்கும் காற்றுக்கும் இடையே கட்டடக் கலைஞர் மல்லுக்கட்டுகிறார். இந்தக் கரையில் இரண்டும் ஒத்துப்போகின்றன. அந்த வாய்ப்பைக் கைவிட்டு, வீதியைப் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கட்டடத்தை மேற்கே திருப்பி வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

திசை சரியானால் அடுத்தது அகலம். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டுமானால், அறையின் அகலம் அதன் கூரை உயரத்தைப்போல் ஐந்து மடங்கைத் தாண்டக் கூடாது என்பது அனுபவக் கணக்கு. நடுவே நடைவழி, இருபுறமும் அறைகள் என்று அடுக்கினால் எந்த அறைக்கும் மறுபக்கம் கிடைக்காது. அந்த வரைபடத்தை இந்தக் கரையில் அடியோடு கைவிட வேண்டும். ஓர் அறை அகலமான நீண்ட கட்டடம், இரண்டு பக்கமும் அகன்ற விறாந்தை. விறாந்தை நடைவழியாகும், வெயில் சுவரில் படாமல் மறைக்கும், வாடை மழை சாய்ந்தடிக்கும்போது ஜன்னலைச் சாத்தாமலிருக்க உதவும், சிகிச்சைக்கு வந்தவர்கள் காத்திருக்க நிழலுமாகும். நாற்சார் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தியே இல்லை.

தென்முனையில் மாத்தறையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா இதைச் செய்து காட்டியிருக்கிறார். 1980களில் எழுந்த றுகுணு பல்கலைக்கழகம், ஒரு பெரிய கட்டடத்தை நிறுத்தி எல்லாவற்றையும் அதற்குள் அடைக்காமல், ஐம்பதுக்கும் மேற்பட்ட தனித்தனிக் கட்டடங்களைக் குன்றுச் சரிவுகளில் பரப்பி, கூரையிட்ட நடைவழிகளால் இணைத்த வளாகம். கடல் பக்கத்தில்தான் அதுவும் இருக்கிறது. அதை அப்படியே பெயர்த்துக் கோணேசபுரியில் நடச் சொல்லவில்லை. மாத்தறை ஈரவலயம், கச்சானின் உலர்சூடு அங்கே இல்லை.

அந்த உலர்சூடு ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. நம் தோலின் வெப்பநிலை 34 பாகை அளவு. காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும்வரை வீசும் காற்று உடம்பிலிருந்து சூட்டை எடுத்துப்போகும். யூலை நண்பகலில் காற்றே 36 பாகைக்கு வந்துவிட்டால் அது உடம்புக்குச் சூட்டைக் கொடுக்கத் தொடங்கிவிடும். வியர்வை உலர்வது மட்டுமே அப்போது காப்பாற்றும். அந்த இரண்டு மூன்று மணிநேரம் தெற்குப் பக்கத்து ஜன்னல்களின் சாய்பலகைகளைச் சாத்தி, மின்விசிறியை ஓடவிடுவது நல்லது. சுவர் கனமாக இருந்தால், இரவுக் காற்றில் குளிர்ந்த சுவர் நண்பகல்வரை அந்தக் குளிர்ச்சியை வைத்திருக்கும். ஆகவே இரவில் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மாலை நாலு மணிக்குக் காவலாளி எல்லா ஜன்னலையும் பூட்டிவிட்டுப் போனால் இந்த விஞ்ஞானம் முழுதும் வீண். திருடர் நுழையாத, மழை நுழையாத, காற்று மட்டும் நுழையும் கம்பியிட்ட சாய்பலகைத் திறப்பு ஒன்று மேற்சுவரில் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும்.

குளிரூட்டி பூட்டினால் போகிறது, ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பதிலுக்கு ஒரு கணக்குப் போடுவோம். பத்துக்குப் பன்னிரண்டு மீற்றர் அறை, உயரம் மூன்றரை மீற்றர். உள்ளே 100 மாணவர். சும்மா இருக்கும் ஒருவர் உடம்பிலிருந்து வரும் சூடு ஏறத்தாழ 100 வாற்று. நூறு பேர் என்றால் பத்துக் கிலோவாற்று அடுப்பு ஒன்று அறைக்குள் எரிகிறது. ஒவ்வொருவரும் மணிக்கு 18 லீற்றர் அளவு காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறார். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தால் ஒரு மணிநேரத்தில் அறைக் காற்றில் அதன் அளவு பத்து இலட்சத்துக்கு 4,500 ஐத் தாண்டும். வெளிக் காற்றில் அது 420 அளவுதான். இதனால் உயிர் போகாது. ஆனால் அந்த எண்ணுக்கு வேறொரு பொருள் உண்டு: அந்த அறையில் நீங்கள் இழுக்கும் பத்து மூச்சில் ஒரு மூச்சு இன்னொருவருடைய நுரையீரலுக்குள் போய்வந்த காற்று. சுவரில் மாட்டும் சாதாரணக் குளிரூட்டி வெளிக் காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. உள்ளே இருக்கும் அதே காற்றைத் திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. குளிர்ச்சியாக இருப்பதால் காற்று புதியது என்று நம்பிவிடுகிறோம்.

2007 இல் வெளியான ஓர் ஆய்வை மருத்துவக் கல்விக் கட்டடம் வரையும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். பெரு நாட்டின் லீமா நகரில் எட்டு மருத்துவமனைகளில், இயற்கைக் காற்றோட்டமுள்ள 70 அறைகளை அளந்தார்கள். கதவு ஜன்னல்களைத் திறந்தபோது அறைக் காற்று மணிக்கு 28 முறை மாறியது. காசநோய்த் தொற்றைத் தடுப்பதற்கென்றே இயந்திரக் காற்றோட்டம் பொருத்திய அறைகளில் 12 முறை. இன்னும் வியப்பு: 1950க்கு முன் கட்டிய, உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னல்களுமுள்ள பழைய கட்டடங்களில் 40 முறை, புதிய கட்டடங்களில் 17 முறைதான். சிகிச்சை பெறாத காசநோயாளரோடு ஒரு நாள் இருப்பவருக்குத் தொற்று ஏற்படும் வாய்ப்பை அவர்கள் கணித்தார்கள். இயந்திரக் காற்று அறையில் 39 வீதம், பழைய உயர்கூரை அறையில் 11 வீதம். கூரையைத் தாழ்த்திச் செலவை மிச்சம்பிடித்தவர்கள் எதை விற்று எதை வாங்கினார்கள் என்று அந்த எண்கள் சொல்கின்றன.

உடற்கூற்றியல் கூடத்துக்கு இந்தத் திறந்த ஜன்னல் மட்டும் போதாது. போமலின் ஆவி காற்றைவிட ஒரு துளி கனமானது. அது மேசையில் எழுந்து, குனிந்து நிற்கும் மாணவரின் மூக்கு உயரத்திலேயே தங்கும். கூரையில் உறிஞ்சு விசிறி பூட்டினால், அந்த விசிறி ஆவியை மேலே இழுக்கும்போது மூக்கைக் கடத்தித்தான் இழுக்கும். மேசை ஓரத்திலோ மேசைக்குக் கீழேயோ உறிஞ்சி, குழாயில் கூரைக்கு மேலே கொண்டுபோய் விட வேண்டும். போமலினில் உள்ள போமல்டிகைட்டு மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. இந்த ஓர் அறையில் மின்சாரத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது.

மூலிகைக்கு வருவோம். என் மனம் அதிகம் நிற்பது இங்கேதான். சித்த மருந்துச் செய்முறைகளில் அடிக்கடி வரும் அறிவுறுத்தல் நிழலில் உலர்த்துவது. மணமுள்ள இலைகளின் எண்ணெய் நேர்வெயிலில் ஆவியாகிவிடும் என்பதால்தான் நிழல். ஆனால் நிழல் என்றால் சும்மா நிழல் போதாது. காற்றோடும் நிழல் வேண்டும். கடற்கரை ஈரத்தில் மூலைக்குள் பரப்பிய இலை உலராது, பூஞ்சணம் பிடிக்கும். அஸ்பெர்ஜிலஸ் இனப் பூஞ்சணங்களில் சில அஃப்லரொக்சின் என்ற ஈரல் நஞ்சைச் சுரக்கும். மருந்து என்று இடித்த சூரணம் நோயைத் தரும் பொருளாகிவிடும். இங்கே கச்சான் நமக்கு நண்பன். வகுப்பறை வெறுக்கும் அதே உலர்காற்றை, கூரைக்கும் மச்சுக்கும் நடுவே ஒரு நீண்ட உலர்த்தும் மாடத்தில் பிடிக்கலாம். தென்மேற்கில் சாய்பலகைத் திறப்பு, வடகிழக்கில் வெளியேறும் வழி, நடுவே பிரம்புத் தட்டுகள். சூடான ஓட்டுக்குக் கீழே காற்று ஓடும், வெயில் படாது. மாடத்தில் ஓடும் காற்று ஓட்டின் சூட்டையும் அள்ளிக்கொண்டு போவதால் கீழே இருக்கும் வகுப்பறையும் குளிரும். மே முதல் செப்ரெம்பர்வரை ஆண்டுக்குத் தேவையானதை உலர்த்தி முடித்துவிட்டு, வாடை தொடங்குமுன் வடகிழக்குத் திறப்பைச் சாத்திவிட வேண்டும். சூரணத்துக்கு மூன்று மாதமே ஆயுள் என்பது மரபு. ஆகவே மூலிகையை உலர்த்தி முழுதாக வைத்து, வேண்டும்போது இடிப்பதே வழி. களஞ்சியத்தின் அளவை அந்தக் கணக்கில்தான் தீர்மானிக்க வேண்டும்.

புடம் போடும் இடத்தை எங்கே வைப்பது? காற்றடிக்கும் திசைக்குக் கீழே என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஆறு மாதம் வடகிழக்கு, ஆறு மாதம் தென்மேற்கு என்று காற்று திரும்பும் ஊரில் கீழ்த்திசை எது? வளாகத்தின் வடமேற்கு மூலையைப் பாருங்கள். வாடையில் அங்கிருந்து எழும் புகை தென்மேற்கே, மேற்கு எல்லைக்கு வெளியே போகும். கச்சானில் வடகிழக்கே, வடக்கு எல்லைக்கு வெளியே போகும். கடற்காற்றிலும் கரையை விட்டு விலகிப் போகும். வடமேற்கிலிருந்து காற்று வரும் நாட்கள் குறைவு. பாதரசமும் பாடாண நஞ்சுகளும் சேரும் செய்முறைகளுக்கு இது மட்டும் காவலாகாது. அவற்றுக்கு மூடிய உறிஞ்சு அறை கட்டாயம் வேண்டும். ஆனால் சாண வறட்டியின் சாதாரணப் புகையைச் சிகிச்சை அறைக்குள் போகாமல் தடுக்க, ஒரு சதமும் செலவில்லாத வழி அந்த மூலை.

*

கட்டடம் எத்தனை வருடம் நிற்கும் என்பதும் நிலைபேறுதான். கடற்கரையில் கொங்கிறீற்றைக் கொல்வது உப்பு. காற்றில் வரும் உப்புத்துளி சுவரில் படிந்து, மழையில் கரைந்து, கொங்கிறீற்றின் நுண்துளைகள் வழியே உள்ளே போய்க் கம்பியைத் தொடும். துரு இரும்பைவிடப் பல மடங்கு பருமனானது. உள்ளே இடமில்லாததால் கொங்கிறீற்றை வெடித்துக்கொண்டு வெளியே வரும். முதலில் தூணின் விளிம்போரம் ஒரு மயிர்க்கீறல். பிறகு தேநீர்க் கறை போல ஒரு கோடு. ஒரு நாள் கையகலத் துண்டு விழும். உள்ளே கம்பி கறையான் தின்ற குச்சி போலத் தெரியும். இந்தக் கரையில் முப்பது வருடம் வேலைசெய்த மேசன் ஒருவர் என்னிடம் சொன்னார்: "சேர், கம்பியைக் கூட்டிப் போடுறதை விட, கம்பிக்கு மேல கிடக்கிற கலவையைக் கூட்டிப் போடுங்கோ." இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடநூலும் சொன்னதில்லை. கம்பிக்கு மேல் 50 மில்லிமீற்றர் மூடல், தண்ணீர் குறைத்த கலவை, ஏழு நாளுக்குக் குறையாமல் நனைத்தல். நிலக்கரிச் சாம்பல் கலந்த சீமெந்து நுண்துளைகளை அடைத்து உப்பின் வேகத்தைக் குறைக்கும். சீமெந்து சுடும்போது வெளியாகும் காபனீரொட்சைட்டும் அந்த அளவுக்கு மிச்சம். உலகம் வெளியிடும் காபனீரொட்சைட்டில் ஏழெட்டு வீதம் சீமெந்திலிருந்து வருகிறது. துறைமுகத்தின் மறுகரையில், சீனக்குடாவிலேயே சீமெந்துத் தொழிற்சாலை இருப்பதால் தூரப் போக்குவரத்தும் இல்லை.

தண்ணீர்க் கணக்கு இன்னும் இறுக்கமானது. 1,000 சதுர மீற்றர் கூரையில், ஆண்டுக்கு 1,600 மில்லிமீற்றர் அளவு மழையில், ஐந்தில் நாலு பங்கைப் பிடித்தாலும் 12 இலட்சத்து 80 ஆயிரம் லீற்றர். அள்ளித்தருவது போலத் தோன்றும். ஆனால் வருவது நாலு மாதத்தில். வேண்டியது மற்ற எட்டு மாதத்தில். 200 பேருக்கு ஆளுக்கு 20 லீற்றர் வைத்தால் நாளுக்கு 4,000 லீற்றர். இரண்டு இலட்சம் லீற்றர்த் தொட்டி கட்டினாலும் ஐம்பது நாளுக்குத்தான் வரும். மிச்ச மழையை என்ன செய்வது? மணலுக்குள் விட வேண்டும். நிலாவெளி மணலுக்குக் கீழே, கனமான உவர்நீரின்மேல் நன்னீர் ஒரு வில்லை போல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே 40 மீற்றர்வரை நன்னீர் நிற்கும். மேலே ஒரு மீற்றரை இறைத்துவிட்டால் கீழிருந்து உவர் அந்த விகிதத்தில் ஏறும். கிணறு உவர்த்த பிறகு மோட்டார் மாற்றிப் பயனில்லை.

அதே மணல்தான் ஆய்வுகூடக் கழிவையும் கடத்தும். நிலாவெளிக்கு எதிரே, ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில், புறாமலை என்று ஊரார் சொல்லும் புறாத்தீவு இருக்கிறது. அதன் பவளப்பாறைகளுக்காக 2003 இல் அதைத் தேசியப் பூங்காவாக்கினார்கள். போமலின், பாதரசம், எண்ணெய்க் கழிவு ஆகியவற்றை ஒரே மலக்குழிக்குள் விடும் கட்டடம், கூரை முழுக்கச் சூரியத் தகடு வைத்திருந்தாலும் பசுமைக் கட்டடம் ஆகாது.

சூரியத் தகடு வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த அகலாங்கில் வருடம் முழுவதும் அதிக வெயில் வாங்குவது கூரை. தகடு மின்சாரமும் தரும், கூரைக்கு நிழலும் தரும். பத்துப் பாகைச் சாய்வு போதும். அந்தச் சாய்வில் வாடை மழை உப்பையும் கழுவிவிடும். கொட்டியார்க் குடாவுக்கு அப்பால் சம்பூரில், ஒரு காலத்தில் நிலக்கரி மின்நிலையம் வருவதாக இருந்த ஊரில், 2025 ஏப்ரலில் 120 மெகாவாற்றுச் சூரிய மின்திட்டத்துக்குத் தொடக்கம் குறித்தார்கள். காலம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரிகிறது. ஆனால் 2022 மார்ச் முடிவில் நாடு முழுக்க நாளுக்கு 13 மணிநேரம் மின்சாரம் நின்றது நமக்கு மறந்துவிடக் கூடாது. திறக்க முடியாத கண்ணாடி அறைகள் அன்று பூட்டிக் கிடக்க வேண்டியிருந்தது. விறாந்தையும் உயர்ந்த கூரையும் உள்ள அறையில் வகுப்பு நடத்தலாம். முதலில் மின்சாரம் வேண்டாத கட்டடம், பிறகு தகடு என்பதே சரியான வரிசை.

இந்தக் கரை 1964 டிசெம்பர்ப் புயலைக் கண்டது. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையைக் கண்டது. 2020 இல் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியதையும் கண்டது. ஆகவே கூரையின் வளையும் மரமும் ஆணியால் மட்டும் பிடிபடாமல் இரும்புப் பட்டியால் சுவரோடு கட்டப்பட வேண்டும். நீட்டிய சாய்ப்பைத்தான் புயல் முதலில் தூக்கும் என்பதால், விறாந்தைத் தூண்கள் அதைக் கீழே பிடித்திருக்க வேண்டும். தரைத்தளத்தில் சுவரைக் குறைத்து, தண்ணீர் ஊடே போகவிட்டு, மூலிகை, பதிவேடு, கருவி எல்லாவற்றையும் மேல்தளத்தில் வைக்கலாம். அந்தத் திறந்த கீழ்த்தளம் மற்ற நாளெல்லாம் நிழலான முற்றமாக இருக்கும். ஆனால் வெளிநோயாளர் பிரிவு மட்டும் மாடியில் இருக்கலாகாது. சித்த வைத்தியரைத் தேடி வருகிறவர்களில் முழங்கால் தேய்ந்தவர்கள் அதிகம். போரில் கால் இழந்தவர்களும் இந்த மாவட்டத்தில் வாழ்கிறார்கள். அவர்களுக்குச் சாய்தளம் அமைப்பதை 2006 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளே கட்டாயமாக்கியிருக்கின்றன.

சித்த மருத்துவ மாணவர் முதல் வருடங்களிலேயே பெரும்பொழுதுகள் ஆறைப் படிக்கிறார்: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஆவணியும் புரட்டாசியும் கார்காலம் என்று பாடம். திருகோணமலையில் பெருமழை ஐப்பசியில் பிடித்து மார்கழியைத் தாண்டும். பாடத்தின் பருவத்துக்கும் இந்தக் கரையின் பருவத்துக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியை மாணவர்கள் தாங்களே அளந்து பார்ப்பது நல்ல மருத்துவக் கல்வி. அதே அளவு கட்டடத்துக்கும் வேண்டும்.

ஆகவே இந்தக் கரையில் இனிக் கல்விக்கூடம் கட்டப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வரைபடத்துக்குக் கேள்விப்பத்திரம் கோருமுன், அந்த நிலத்தில் ஒரு மழைமானியும், ஒரு காற்றுத்திசைகாட்டியும், நிழலில் ஒரு வெப்பமானியும் நட்டு, ஒரு வருடம் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் மாணவரைக்கொண்டு எழுதிவையுங்கள். கூடவே ஒரு மீற்றர்க் கம்பு ஒன்றையும் நடுங்கள். ஏப்ரல் 12 நண்பகலில் அதன் நிழல் காணாமற்போகும். மறுநாளிலிருந்து நிழல் தெற்கே விழத் தொடங்கும். யூன் 21 இல் 27 சென்றிமீற்றர் இருக்கும்.